எத்தனை நொடி, எந்தப் பக்கம்

மேல் தட்டில் இருந்த ஒரு பழைய அட்லஸை எடுக்கத்தான் அண்ணாந்து பார்த்தேன். நூலகர் வேலையில் இருபத்து மூன்று வருடமாகத் தினமும் செய்கிற காரியம். ஸ்டூலில்கூட ஏறவில்லை. நுனிக்காலில் நின்று, கையை நீட்டி, முதுகு எழுத்தைப் படிக்கத் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தேன். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் அலமாரி சுழல ஆரம்பித்தது. ஒரு புத்தகம்கூட விழவில்லை, ஆனால் மொத்த அடுக்கும் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கீழ்த் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடி வந்தவர்கள் தண்ணீர் கொடுத்தபோது எல்லாம் நின்று போயிருந்தது. வியர்வையும் குமட்டலும்தான் மிச்சம்.

எங்கள் அடுக்குமுறையில் காது மருத்துவத்துக்கு 617.8. நான் கை நீட்டியது அந்த வரிசையாக இருந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். இல்லை, அட்லஸ்தான்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் போன இடத்தில் எல்லாம் சொன்னது ஒரே வார்த்தை: தலைசுற்றல். அதைக் கேட்டதும் ஆளுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள். பி.பி. பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், அவையும் சரி. பிறகு கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐம்பத்தோரு வயதில் யார் கழுத்தை எடுத்தாலும் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். "இதோ இருக்கே காரணம்" என்று கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார் ஒரு டாக்டர். ஆச்சரியமாக, பட்டை போட்டிருந்த மூன்று வாரமும் சுற்றல் குறைந்தது. தலையைத் திருப்பவோ அண்ணாந்து பார்க்கவோ முடியாததால் குறைந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கழற்றிய இரவே, படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் கட்டில் கவிழ்ந்தது போல ஆனது.

இதற்கு நடுவில் தம்பியின் மாத்திரை வேறு. அவனுக்கும் தலைசுற்றல் உண்டு, என்னைவிட இரண்டு வருடம் முந்தியே. எலெக்ட்ரீஷியன். அவனுக்கு டாக்டர் பீட்டாஹிஸ்டின் எழுதிக் கொடுத்திருந்தார். "எனக்கும் அதேதானே அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், இதைப் போட்டுப் பாரு" என்றான். போட்டேன். காலை, மதியம், இரவு என இரண்டு மாதம். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கும் ஒரே பெயருள்ள தொந்தரவு இருந்தால் ஒரே மருந்துதானே என்று எனக்கும் தோன்றியது. தலைப்பு ஒன்றாக இருக்கிறதே என்று சமையல் புத்தகத்தை வேதியியல் அடுக்கில் வைத்தது போன்ற வேலை. என் உதவியாளர் யாராவது அப்படி வைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தலைசுற்றல்ங்கிற வார்த்தையைச் சொல்லாம, என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."

சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனையைத் திணித்து வைத்திருக்கிறோம். சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது ஒன்று. நின்றபடியே விழப்போவது போன்ற மயக்கம் ஒன்று. நடக்கும்போது கால் தள்ளாடுவது ஒன்று. தலை பாரமாக, தரை பஞ்சு போல மிதப்பது ஒன்று. அறை நிஜமாகவே சுழல்வது ஒன்று. இவை ஒவ்வொன்றும் போக வேண்டிய டாக்டர் வேறு. கடைசியாகச் சொன்னதைத்தான் இவர்கள் வெர்டிகோ என்கிறார்கள். அது பெரும்பாலும் உள்காதின் வேலை.

"ரூம் சுத்துது" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"நாள் முழுக்கவே ஒரு மாதிரி இருக்கு டாக்டர்."

"ஒரு மாதிரி இருக்கிறதை விடுங்க. சுத்துறது மட்டும், எத்தனை நொடி?"

எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் யார் எண்ணுவார்கள்? ஆனாலும் யோசித்தேன். அரை நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. எப்போது வருகிறது? படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து கீழ்த் தட்டில் தேடும்போது. எந்தப் பக்கம் புரண்டால்? வலது. காது கேட்பதில் மாற்றம் உண்டா? இல்லை. இரைச்சல்? இல்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பாதி முடிஞ்சுது, மீதியைக் கண்ணைப் பார்த்துச் சொல்றேன்" என்றார். காது டாக்டர் எதற்குக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொன்னார். நீச்சல் கண்ணாடி போன்ற ஒன்றை மாட்டினார். உள்ளே இருட்டு, அதற்குள் ஒரு அகச்சிவப்பு கேமரா. பார்வை எதிலும் ஊன்றாமல் இருந்தால்தான் கண்ணின் அசைவு மறையாமல் தெரியுமாம். தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. "கண்ணை மட்டும் மூடாதீங்க, என்ன ஆனாலும்."

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நொடியில் வந்தது. அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நகம் பதிந்திருக்கும். "வரட்டும், வரட்டும்" என்றார், பேருந்தைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர் மாதிரி. ஏறியது, உச்சிக்குப் போனது, மெல்லத் தணிந்தது. மொத்தம் 22 நொடி. உட்கார வைத்ததும் இன்னொரு முறை, இந்தத் தடவை எதிர்த் திசையில், கொஞ்சம் லேசாக.

பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார். திரை முழுக்க என் வலது கண். மூன்று நொடி சும்மா இருக்கிறது. திடீரென்று கருவிழி ஒரு திருகாணி போல, கடிகாரத்தின் முள் நகர்கிற மாதிரி வெட்டி வெட்டி, கீழே இருந்த காதின் பக்கமாகத் திருகிக்கொண்டு மேல் நோக்கியும் துள்ளுகிறது. அந்தக் கண் என்னுடையது என்று நம்பவே முடியவில்லை. நாலு மாதமாக எக்ஸ்ரேயும் ரத்தமும் காட்டாததை அந்த 22 நொடி காட்டிவிட்டது. தாமதமாகத் தொடங்குவது, ஒரு நிமிடத்துக்குள் ஓய்வது, இப்படித் திருகுவது, எழுந்தால் திசை மாறுவது: இவை எல்லாம் சேர்ந்தால் வலது காதின் பின் அரைவட்டக் குழலில் தூள் புகுந்திருக்கிறது என்று பொருள். நோயின் பெயர் பி.பி.பி.வி. விரித்தால் நீளம். தலையின் நிலை மாறும்போது திடீரென வரும், ஆபத்தில்லாத சுழற்சி என்று வைத்துக்கொள்ளலாம். "ஆபத்தில்லாத" என்ற அடைமொழியை வைத்தவருக்கு அது வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

உள்காது என்பது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு இல்லை. பொட்டெலும்பின் உள்ளே, உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புப் பகுதிக்குள், ஒரு பக்கம் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்லியா. அது ஒலிக்கு. இன்னொரு பக்கம் மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் ஒரு மெல்லிய தடுப்பை வளைக்கும். அதில் இருக்கும் மயிர்ச்செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றுவதற்குக் காரணம், நாம் நின்றாலும் அந்தத் திரவம் நிற்காததுதான்.

இந்தச் செய்தி உடனே கண்ணுக்குப் போகிறது. தலை இடது பக்கம் போனால் கண் அதே அளவு வலது பக்கம் போகும், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள். சோதித்துப் பார்க்கலாம். இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டே "இல்லை, இல்லை" என்று வேகமாகத் தலையை ஆட்டுங்கள். எழுத்து தெளிவாகவே தெரியும். இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். ஒரு வரிகூடப் படிக்க முடியாது. முதலாவதை நடத்திக் கொடுப்பது உள்காது.

குழல்களுக்குப் பக்கத்தில் யூட்ரிக்கிள் என்று ஒரு சிறு பை. அதன் ஜெல்லிப் படுகையில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கும், சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் எதனால் ஆனவையோ அதே பொருள். ஒரு படிகம் பெரியது என்றாலே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. வயதாவதாலோ, தலையில் அடிபட்டதாலோ, வெகுநாள் படுத்தே கிடந்ததாலோ, பல சமயம் ஒரு காரணமும் தெரியாமலோ அவை கழன்று குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. பெண்களுக்கு, அதுவும் ஐம்பதுக்கு மேல், அதிகம். தலை சாய்ந்ததும் தூள் உருண்டு திரவத்தை இழுக்கிறது. தலை திரும்பி முடிந்த பிறகும் "இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கிறாய்" என்று ஒரு காது மட்டும் பொய் சொல்கிறது. தூள் அடியில் போய்ப் படிந்ததும் நின்றுவிடுகிறது. அந்த இரண்டு மூன்று நொடித் தாமதம், உருளத் தொடங்க எடுக்கும் நேரம். ஆங்கிலத்தில் இதற்கு மேல் தட்டு (டாப் ஷெல்ஃப்) வெர்டிகோ என்று செல்லப் பெயரே உண்டு என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மருந்து? இல்லை. குழலுக்குள் போன தூளை மாத்திரை எப்படி வெளியே கொண்டுவரும்? வந்த வழியே உருட்டி அனுப்ப வேண்டும். படுத்தபடி, வலப்பக்கம் திரும்பியிருந்த தலையை இடப்பக்கம் திருப்பினார். அப்படியே 30 நொடி. அப்புறம் உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி. மறுபடி 30 நொடி, இந்த இடத்தில் இன்னொரு சிறு சுற்றல். பிறகு மெல்ல எழுப்பி உட்கார வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பச் சோதித்தபோது கண் அசையவே இல்லை. நாலு மாதத்துக்கும் சேர்த்து எனக்கு அழுகை வந்தது. கோபமும்தான்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜான் எப்லி, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இருந்த காது மருத்துவர். 1980 வாக்கில் அவர் இதைச் சொல்லிக் காட்டியபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை, கேலியும் செய்தார்கள். தலையைப் புரட்டினால் வெர்டிகோ போகும் என்றால் யாருக்கும் மந்திரவாதம் போலத்தானே தோன்றும்? அவருடைய கட்டுரை பத்திரிகையில் வந்தது 1992-ல். நோயோ அதற்கு வெகு முன்பே தெரிந்தது. வியன்னாவைச் சேர்ந்த ராபர்ட் பாரனி 1921-லேயே இதை விவரித்திருக்கிறார். அவருடைய கதையும் சுவையானது. நோயாளிகளின் காதைக் கழுவும்போது குளிர்ந்த நீர் விட்டால் கண் ஒரு பக்கம் துள்ளுகிறது, சூடான நீர் விட்டால் எதிர்ப்பக்கம் துள்ளுகிறது என்று கவனித்தார். காதுக்குள் திரவம் சூட்டில் மேலே ஏறுகிறது, குளிரில் இறங்குகிறது என்று ஊகித்தார். 1914-க்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. 1916-ல் விடுதலையாகித்தான் பரிசை வாங்க முடிந்தது. அந்த நீர்ச் சோதனை இன்றும் நடக்கிறது, 30 டிகிரி, 44 டிகிரி என்று கணக்காக. தம்பிக்குச் செய்தார்கள். "அக்கா, காதுல தண்ணி விட்டே சுத்த வைக்கிறாங்க" என்றான்.

சரி, தம்பிக்கு வருவோம். அவனுடைய கதை ஐந்து நிமிடத்தில் முடியவில்லை.

எனக்கு வழி கிடைத்த வேகத்தில் அவனையும் அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "இவனுக்கும் அந்தப் புரட்டலைச் செய்துவிடுங்கள்" என்று நானே சிபாரிசு வேறு. அவர் அவனிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். எவ்வளவு நேரம்? இரண்டு, இரண்டரை மணி நேரம். எப்போது? எப்போது வேண்டுமானாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட. அதற்கு முன்னால் ஏதாவது? இடது காது அடைத்துக்கொள்ளும், விமானம் இறங்கும்போது அடைப்பது போல. உள்ளே ஒரு உறுமல், தூரத்தில் பெரிய மோட்டார் ஓடுகிற மாதிரி. அப்புறம்தான் சுற்றல், வாந்தி. அந்த நேரத்தில் தரையில் படுத்துக்கொண்டு ஸ்விட்ச் போர்டின் ஒரே ஒரு திருகை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பானாம். அந்தத் திருகு கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது என்றான்.

நான் இத்தனை நாளும் அவனிடம் இதைக் கேட்டதே இல்லை. இருவரும் "இன்னைக்குத் தலைசுத்தல் எப்படி?" என்று மட்டும் போனில் விசாரித்துக்கொள்வோம்.

ஒலிபுகாத சிறு அறைக்குள் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்குச் சோதித்தபோது சுறுசுறுப்பாக அழுத்தினான். இடதுக்கு மாறியதும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, கேட்டதா இல்லையா என்று தன்னிடமே சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனின் வரைபடம், வந்தது. மேலே இருந்தால் நன்றாகக் கேட்கிறது, கீழே போகப்போகக் கேட்கவில்லை. வலது காது சிவப்பு வட்டங்களாக மேலேயே ஒரு நேர்கோடு. இடது காது நீலப் பெருக்கல் குறிகளாக, 250 ஹெர்ட்ஸில் 45 டெசிபெல் வரை இறங்கி, 2000-த்துக்குப் போகும்போது மறுபடி மேலே ஏறுகிறது. காதுக்குப் பின்னால் எலும்பு வழியாக ஒலி கொடுத்துப் பார்த்தும் அதே கோடு. அப்படியானால் பழுது செவிப்பறையிலோ நடுக்காதிலோ இல்லை, உள்ளே. டாக்டர் விளக்கத் தொடங்கும் முன்பே தம்பி தாளைப் பார்த்துச் சொன்னான்: "பேஸ் மட்டும் கட் ஆயிருக்கு." ஸ்பீக்கர் ரிப்பேர் செய்த கை. "அதான் இந்தக் காதுல போன் வெச்சா எல்லாரும் தகர டப்பாக்குள்ள இருந்து பேசுறாங்க."

வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். இவனுக்குத் தலைகீழ். அடிக்கடி வரும் சுற்றல், ஒவ்வொன்றும் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை, தாழ்ந்த சுருதியில் கேள்விக் குறைவு, ஏறி இறங்கும் இரைச்சல், அடைப்பு. இப்படி இருந்தால் அது மெனியர் நோய். ஒரு பக்கக் காதில் மட்டும் குறை என்பதால் நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இல்லை.

1861-ல் பாரிஸில் புரோஸ்பர் மெனியர் என்ற மருத்துவர், இந்தச் சுற்றல் மூளையிலிருந்து வருவதில்லை, உள்காதிலிருந்து வருகிறது என்று சொன்னார். அதுவரை மூளையில் ரத்தம் தேங்கியதால் வருகிறது என்று நம்பி நோயாளிகளின் ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். என் கழுத்துப் பட்டை எவ்வளவோ தேவலை. மறு வருடமே மெனியர் இறந்துவிட்டார். உள்காதின் உள்திரவம் மிகுந்து, அதன் உறை பலூன் போல உப்பியிருப்பதை 1938-ல்தான் இறந்தவர்களின் காதுகளில் கண்டார்கள், லண்டனில் ஹால்பைக்கும் கேர்ன்ஸும், ஜப்பானில் தனியாக யமகாவாவும். அந்த ஹால்பைக் யார் தெரியுமா? என்னைப் பின்னால் சாய்த்த சோதனைக்கு டிக்ஸ்-ஹால்பைக் என்று பெயர். 1952-ல் மார்கரெட் டிக்ஸோடு சேர்ந்து அவர் வகுத்தது. அக்கா நோய்க்கும் தம்பி நோய்க்கும் உண்மையில் இருக்கும் ஒரே உறவு அந்த மனிதர்தான்.

எங்கள் மாத்திரை விஷயத்தையும் சொன்னோம். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். பீட்டாஹிஸ்டினை மெனியருக்குப் பலரும் கொடுக்கிறார்கள், ஆனால் 2016-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் 221 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு தரப்புக்கும் சுற்றல் குறைந்திருக்கிறது. நோயே ஏறி இறங்கும் வகை, அதனால் எந்த மருந்துக்கும் எளிதில் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. எனக்கோ அதில் ஒரு காரியமும் இருக்கவில்லை.

தம்பிக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் பரவாயில்லை. பிறகு மறுபடி வந்தது. செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பறையை மட்டும் மரக்கச் செய்து, மெல்லிய ஊசியால் நடுக்காதில் மருந்தை விட்டு, அரைமணி நேரம் அசையாமல், எச்சில்கூட விழுங்காமல் ஒருக்களித்துக் கிடக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஜென்டாமைசின். அது ஆண்டிபயாட்டிக். உள்காதின் மயிர்ச்செல்களைக் கொல்வது அதன் பக்கவிளைவு. இங்கே அந்தப் பக்கவிளைவுக்காகவே போடுகிறார்கள். பொய் சொல்கிற காதை ஊமையாக்கிவிட்டால் மூளை மற்ற காதை வைத்துப் பழகிக்கொள்ளும் என்பது கணக்கு. கேட்கும் திறனும் கொஞ்சம் போகலாம். தம்பி "அது கடைசிக்கு இருக்கட்டும் டாக்டர்" என்றுவிட்டான். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இரண்டு காதிலும் சமநிலை போய்விட்டால் என்ன ஆகும் என்று எழுதிய ஒரு மருத்துவர் உண்டு. இதே குடும்பத்து மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினால் அவருக்கு அது போய்விட்டது. படுத்துக்கொண்டு படிக்கும்போது, தன் நாடித் துடிப்பால் தலை அசைகிற அசைவுக்கே எழுத்துகள் குதித்ததாம். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவில் தலையைச் செருகி அசையாமல் வைத்துக்கொண்டுதான் படித்தார். 1952-ல் எழுதியிருக்கிறார். படிப்பதே தொழிலாக உள்ள எனக்கு அந்தக் கம்பிகள் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன.

தம்பி ஏணி ஏறுவதை விட்டுவிட்டான். மெனியர் சிலரை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் யாரோ பிடித்துத் தள்ளியது போலக் கீழே போட்டுவிடும். அவனுக்கு அப்படி வந்ததில்லை. ஆனாலும் கூட வேலை செய்கிற பையன்தான் இப்போது ஏறுகிறான். இவன் கீழே நின்று கத்துகிறான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை, எங்கள் நூலகத்தில் நடந்தது. கூட வேலை பார்த்தவருக்கு ஒரு காலை எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. ஜலதோஷ அடைப்பு என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது நாள். அது அடைப்பு இல்லை, உள்காது திடீரென்று செயலிழந்தது. மூன்று நாளுக்குள் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தால் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரம் தாண்டினால் பலன் சரிந்துவிடும். அவருக்குப் பாதிதான் திரும்பியது. அந்தக் காலையிலேயே வீட்டில் ஒரு சிறு சோதனை செய்திருக்கலாம்: வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பார்ப்பது. அடைத்த காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோ. நல்ல காதின் பக்கம் சத்தம் ஓடினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். எப்படிக் கேட்டாலும் ஆடியோகிராம் எடுத்துவிடுவதுதான் முறை.

சுற்றல் விடாமல் மணிக்கணக்கில் நீடித்து, பேச்சு குழறினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் பலமிழந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது காதாக இருக்காது, பக்கவாதமாக இருக்கலாம். அப்போது நேராக அவசர சிகிச்சைக்கு. அங்கே தலையை லேசாகச் சட்டென்று திருப்பிக் கண்ணைப் பார்ப்பார்கள். விசித்திரம் என்னவென்றால், உலகம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்தச் சோதனையில் கண் பிசகாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். கண் தவறினால் குற்றவாளி காதின் நரம்பு. தவறாவிட்டால் மூளையைத் தேட வேண்டும்.

எனக்கு முதல் வாரம் முழுக்கத் தரை கொஞ்சம் மிதந்தது. பிறகு அதுவும் போனது. சுற்றலை அமுக்கும் மாத்திரைகளை அடியோடு நிறுத்தச் சொன்னார், அவை மூளையைப் பழகவிடாமல் தூங்கவைக்கும் என்று. திரும்ப வரலாம், வருவது சாதாரணம் என்றும் சொல்லி அனுப்பினார். வந்தால் செய்யச் சொல்லித் தம்பிக்கே தலைபிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பக்கம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள், வேறு மாதிரி இருந்தால் இங்கே வாருங்கள் என்ற நிபந்தனையோடு.

ஒன்றரை வருடம் கழித்து, போன மாதம் ஒரு விடிகாலையில் வந்தது. புரண்டேன், இரண்டு நொடி, கட்டில் கவிழ்ந்தது. இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினேன். தம்பிக்குப் போன் செய்தேன்.

"எத்தனை நொடி?"

"பதினெட்டு."

"எந்தப் பக்கம்?"

"வலதுதான்டா, அதேதான்."

"காது?"

"நல்லாக் கேக்குது."

வந்தான். கையைக் கழுவிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்து, என் தலையை ஒரு டியூப்லைட்டைக் கழற்றும் ஜாக்கிரதையோடு பிடித்தான். வலது, 30. இடது, 30. புரண்டு, மூக்கு தரையைப் பார்க்க, முகம் பாதி மெத்தைக்குள். சிறு சுற்றல் வந்து போனது.

"நின்னுடுச்சு" என்றேன்.

பதில் இல்லை. அவனுடைய இடது காது என் பக்கம் இருந்திருக்கிறது.

"டேய், நின்னுடுச்சுடா!"

"இரு அக்கா, இப்பதான் பதினாலு" என்று எண்ணிக்கொண்டே இருந்தான்.